பூட்டி வைத்த அடுக்களை

“போன வருஷம் படையலைக் காக்கா தொடவே இல்லை தாயே. ஏன்?”

கொம்பையா மேஸ்திரி எடுத்த எடுப்பில் கேட்டது இதுதான். கும்பிடு இல்லை, நல்லாயிருக்கியளா என்ற விசாரிப்பும் இல்லை.

ஊரார் குறை சொல்லி யோசனை கேட்கப் போகிற சாமியம்மா மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தாள். மேஸ்திரியைவிட வயதில் ரொம்ப இளையவள். எந்த ஊர்க்காரி என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. அன்றைக்குக் கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வந்ததற்காகக் கையை நிறுத்தவில்லை.

“யாருக்குப் படையல்?”

“என் பொஞ்சாதி பேச்சியம்மாளுக்கு. போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. மகாளய அமாவாசைக்கு வடை, பாயசம், அவளுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு எல்லாம் வச்சேன். காக்கா வந்து சுவத்துல உக்காந்துச்சு. எட்டிப் பாத்துச்சு. பறந்துருச்சு.”

“பசிச்சிருக்காது.”

“விளையாடாதிய தாயே! அவ கோவத்துல இருக்கா. எம்மேல இருக்கிற கோவத்துல சோத்தைத் தொடாமப் போயிட்டா.”

“வீட்டுல யாரு இருக்கா?”

“யாருமில்ல தாயே. நானும் எம் மகளும்தான்.”

சாமியம்மா தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

அவ்வளவுதான் உபதேசம்.

வேறொருவராக இருந்தால் அந்தப் பார்வையை வீடு வரைக்கும் சுமந்துபோய் யோசித்திருப்பார். நம்ம ஆள் மேஸ்திரி அல்லவா! ‘வீட்டுல’ என்ற ஒரு சொல்தான் அவர் காதில் விழுந்தது. ஆகா, வீட்டைத்தான் தாயி காட்டிக் குடுத்துட்டா என்று விறுவிறுவென இறங்கி வந்துவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது.

அந்த ஊரில் பாதி அடுக்களை கொம்பையா கட்டியது. நின்று சமைக்க மேடை, நின்று கழுவத் தொட்டி, புகை போக ஜன்னல் என்று ஊராருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுப்பார். அவர் வீட்டில் மட்டும் பேச்சியம்மாள் தரையில் குத்தவைத்து அடுப்பு ஊதினாள். கொல்லையில் குத்தவைத்துப் பாத்திரம் தேய்த்தாள். முதலில் முட்டி போனது, அப்புறம் இடுப்பு.

“எனக்கும் ஒரு மேடை கட்டித் தாங்களேன்” என்று கேட்பாள்.

“கையில இருக்கிற வேலை முடியட்டும்” என்பார்.

அவள் படுக்கிற இடத்துக்கு மேலே ஓடு ஒழுகும். ஒரு ஏனத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் படுத்துக்கொள்வாள். கொல்லையில் ஒரு பிச்சிக் கொடி வேண்டும், அவரைக்கு ஒரு பந்தல் வேண்டும் என்பாள். முடியட்டும், முடியட்டும். கடைசியில் முடிந்தது அவள்தான்.

அந்தக் குற்றம் மேஸ்திரியைத் தின்றது. அதில் பொய் இல்லை. சோற்றில் கைவைத்தபடி பொலபொலவென்று அழுவார்.

இந்த வருஷம் அமாவாசைக்கு அவள் வரும்போது கேட்டதெல்லாம் இருக்க வேண்டும். அவள் கண்ணால் பார்க்க வேண்டும். மேஸ்திரி முடிவு கட்டிவிட்டார்.

ஆடியில் தோட்ட வேலை தொடங்கினார்.

மகள் முப்பிடாதி, முப்பது தாண்டியவள், பஜாரில் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அம்மா படுக்கையில் கிடந்த நாளில் வந்த வரனையெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு அவளுக்குப் பீ மூத்திரம் எடுத்தவள். அதற்கப்புறம் அவளைக் கேட்டு யாரும் வாசலுக்கு வரவில்லை.

“எப்பா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.” மண்வெட்டி நிற்கவில்லை.

“எனக்கு ஒரு இடம் வந்துருக்கு. நானே பேசிப் பழகினதுதான். பேரு சிவனணைஞ்சான். புளியங்குடி, எலுமிச்சங்காய் மண்டியில வேலை. நல்ல மனுசர். நீங்க ஒரு தடவை வந்து அவுக அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்.”

“ஏளா, ஆடியில எவனாவது கல்யாணம் பேசுவானா? ஆடி கழியட்டும்.”

ஞாயம்தான். ஆடியில் யாரும் பேச மாட்டார்கள்.

“அந்த அவரை விதையை எடு. உங்கம்மாவுக்கு நாட்டு அவரைன்னா உசிரு.”

முப்பிடாதி விதையை எடுத்துக் கொடுத்தாள்.

ஆவணி பிறந்தது. ஊரெல்லாம் கல்யாண மேளம். மேஸ்திரி கூரைமேல் இருந்தார். மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும்.

“எப்பா, ஆடி கழிஞ்சிருச்சு.” முப்பிடாதி ஏணியடியில் நின்றாள். “புளியங்குடியில கேட்டுக்கிட்டே இருக்காவ. ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமா?”

“கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு எங்கிட்டுப் போக? மழை வந்தா யாரு பாக்க?”

“ஒரு பொழுதுதானே எப்பா.”

“ஏளா, கீழ மூணாவது வரிசையில மூக்கு உடையாத ஓடு ஒண்ணு கிடக்கு பாரு. அதைத் தூக்கிக் குடு.”

அவள் தூக்கிக் கொடுத்தாள். தலைக்கு மேலே பேச்சியம்மாளின் படுக்கைக்கு நேராக ஓடு கச்சிதமாக உட்கார்ந்தது. இனி அங்கே ஒரு சொட்டு விழாது. அந்த இடத்தில் படுக்கத்தான் யாரும் இல்லை. “அது அவ இடம், நீ அங்கிட்டுப் படு” என்று மகளைத் தள்ளிவிட்டிருந்தார் மகராசன்.

புரட்டாசியில் அடுக்களையை இடித்தார்.

முப்பிடாதி கொல்லையில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே சமைத்தாள். கடைக்கும் போனாள். வந்து சல்லடையில் மணலும் சலித்தாள்.

அன்றைக்கு மேஸ்திரி மேடைக்குச் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தார்.

“எப்பா, இதை மட்டும் கேட்டுருங்க. அவுக அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஐப்பசியில முடிச்சிரணும்னு நினைக்காவ. புரட்டாசியில பேசப்படாதுங்கிற கணக்கெல்லாம் அவுக பாக்கல. அமாவாசைக்குள்ள நம்ம வீட்டுல இருந்து ஒரு ஆளு போகணும். இல்லைன்னா நான் தனியாத்தான் போகணும் எப்பா. எனக்கு அப்படிப் போகப் பிடிக்கல.”

“கலவை இறுகுது தாயி. அப்புறம் சொல்லு.”

முப்பிடாதி அங்கேயே நின்றாள். கலவை தீரும் வரைக்கும் நின்றாள். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு மேஸ்திரி பீடி குடிக்கப் போனார். என்னமோ சொன்னியே, என்ன அது என்று அவர் கேட்கவே இல்லை. மனுசன் கேட்டிருக்கலாம். ஒரு வாய் வார்த்தைதானே!

அடுக்களை எழும்பிவிட்டது. குறை சொல்ல முடியாது, ராஜா வீட்டு அடுக்களை. கருங்கல் மேடை. பளபளவென்று எவர்சில்வர் தொட்டி. கிழக்கே பார்த்த ஜன்னல், அதற்கு நேரே பந்தலில் அவரை பூத்துக் குலுங்கியது. சுவருக்கெல்லாம் வெள்ளை.

எல்லாம் முடிந்ததும் மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? கதவை இழுத்துப் பூட்டினார்.

“அமாவாசை வரைக்கும் யாரும் உள்ள போகப்படாது. உங்கம்மாதான் முதல்ல பாக்கணும்.”

“அப்ப சமையல்?”

“இத்தனை நாள் எங்க பண்ணுன? அங்கேயே பண்ணு. நாலு நாள்தானே.”

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! நின்று சமைக்கிற அடுக்களை பூட்டிக் கிடந்தது. பெண் மழைத் தூறலில் கொல்லையில் குத்தவைத்து உலை வைத்தாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் மேஸ்திரி சாமியம்மாவைக் கூட்டிவந்தார். “தாயி சொல்லித்தான் எல்லாம் பண்ணுனேன், தாயி வந்து பாக்கணும்” என்று ஒரே பிடிவாதம்.

சாமியம்மா பார்த்தாள். ஓட்டைக் காட்டினார், பார்த்தாள். பந்தலைக் காட்டினார், பார்த்தாள். பிச்சிக் கொடியில் அவள் கை வைத்ததும் மேஸ்திரி பதறிவிட்டார்.

“பறிச்சிராதிய தாயே. அது அவளுக்கு.”

சாமியம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

அடுக்களைப் பூட்டைத் திறந்தார். உள்ளே போனவள் தொட்டியின் குழாயைத் திருகப் போனாள்.

“ஐயோ, வேண்டாம் தாயே! அவதான் தொறக்கணும்.”

“எந்தக் கையால?”

மேஸ்திரி இளித்தார். அதற்குள் ஏதோ பெரிய தத்துவம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சாமியம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். கொல்லையில் முப்பிடாதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாமியம்மா வெளியே போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் குத்தவைத்தாள். தேங்காய் நாரை எடுத்துப் பானையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

“தாயே! நீங்க போயி இதைச் செய்யலாமா? ஏளா, வாங்குளா அதை!”

“இருக்கட்டும் மேஸ்திரி.”

கொஞ்ச நேரத்தில் இடுப்பில் கை வைத்தாள்.

“வலிக்கு.”

மேஸ்திரி ஓடினார். ஒரு பலகையைக் கொண்டுவந்து, துண்டால் துடைத்துப் போட்டார்.

“இதுல உக்காருங்க தாயே. தரையில குத்தவச்சா இடுப்பு போயிரும்.”

முப்பிடாதி தேய்ப்பதை நிறுத்திவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

சாமியம்மா பலகையில் உட்காரவில்லை. அதை முப்பிடாதி பக்கம் தள்ளினாள்.

“அவளுக்கு எதுக்கு தாயே? சின்னப் பிள்ளை. பழகிருச்சு.”

ஜன்னல் கொக்கி கிரீச்சிடுகிறது என்று மேஸ்திரி எண்ணெய்க் குப்பியைத் தேடிப் போனார். அவர் திரும்பி வரும்வரை இரண்டு பெண்களும் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று அவர் கேட்கவில்லை.

வாசலில் சாமியம்மாவை வழிமறித்தார்.

“வருவாளா தாயே?”

“எவ?”

“எவளா? பேச்சியம்மாதான்!”

சாமியம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அமாவாசை அன்று வாசலில் கோலம் இல்லை. வருகிறவர்களுக்கு அது தடை என்பார்கள். மேஸ்திரி தாமிரபரணிக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். முப்பிடாதி தார்ப்பாயின் கீழே எல்லாம் சமைத்து முடித்திருந்தாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு பேச்சியம்மாள் கைப்பக்குவத்தில் அப்படியே மணத்தது.

மேஸ்திரி கொல்லைச் சுவரில் இலையை வைத்தார்.

“கா... கா...”

காக்கா வந்தது. சுவரில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது.

ஒரு கொத்து, இன்னொரு கொத்து, அப்புறம் வடையில் ஒரு வாய்.

“ஏளா! முப்பிடாதி! உங்கம்மா வந்துட்டா! சாப்பிடுதா!”

முப்பிடாதி பின்வாசலுக்கு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு பை.

“சாப்பிடுதாளா?”

“நீயே பாரேன்!”

“நல்லது. எப்பா, நான் கிளம்புதேன்.”

“எங்க?”

“சொன்ன இடத்துக்குத்தான்.”

“சரி, சரி.”

அவள் குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நல்ல நாள் என்று கும்பிடுகிறாள் போல என்று மேஸ்திரி ஒரு கையை அவள் தலையில் வைத்தார். கண் சுவரில் இருந்தது.

“எப்பா.”

“கதவைப் பையச் சாத்திட்டுப் போ தாயி. சத்தம் கேட்டா பறந்துரும்.”

சத்தமே இல்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

காக்கா வயிறாரத் தின்றுவிட்டுப் பறந்த பிறகு மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களையைத் திறந்தார். ஜன்னலைத் திறந்தார். மனசு நிறைந்திருந்தது.

“ஏளா, உள்ள வா. அம்மா பாத்துட்டா. இனிமே நீ புழங்கலாம்.”

தார்ப்பாயின் கீழே அவள் இல்லை.

கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். விளக்கு வைக்கிற நேரம் ஆனது. போன் அடித்தார், அணைத்து வைத்திருந்தது. மருந்துக்கடையில் கேட்டார், போன வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டாளாம். அவள் துணி தொங்குகிற கொடியைப் பார்த்தார். கொடிதான் இருந்தது.

அப்போதுதான் அந்த மனுசனுக்கு உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் சாமியம்மாவின் கொட்டகைக்கு ஓடினார்.

“போயிட்டா தாயே. எம் மக எங்கிட்டோ கல்யாணத்துக்குத் தனியாப் போயிட்டா. துணைக்கு ஒரு நாதி இல்லாமப் போயிருக்கா.”

“ம்.”

“நீங்கதானே வீட்டைச் சரி பண்ணச் சொன்னிய!”

“நானா?”

மேஸ்திரி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சாமியம்மா அழ விட்டாள். ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“என்ன செய்யட்டும் தாயே? அவளுக்கு மாடியில ஒரு ரூம்பு எடுத்துரட்டுமா? மாப்பிள்ளையும் வந்து தங்கலாம். தையோட முடிச்சிருவேன்.”

சாமியம்மா எழுந்தாள். அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். ஒற்றையடிப் பாதையில் தரதரவென்று மெயின் ரோட்டுக்கு இழுத்துப் போனாள்.

“ஐப்பசி பிறந்ததும் கல்யாணம். போய்ப் பக்கத்துல நில்லும்.”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போக?”

“இருக்கிற மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான்.”

தூரத்தில் பஸ் வந்தது. சாமியம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். மேஸ்திரியை முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டாள். பஸ் நகர்வதற்கு முன்னாலேயே திரும்பி நடந்துவிட்டாள்.

உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டதும் மேஸ்திரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. போய் மகள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா காலில் விழுந்தாலும் பரவாயில்லை. தாயி, தப்பு பண்ணிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்.

“எங்க போகணும் பெரியவரே?” என்றார் கண்டக்டர்.

மேஸ்திரி வாயைத் திறந்தார்.

அவள் மண்வெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஏணியடியில் நின்று சொன்னதும், கலவைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னதும் ஞாபகம் இருந்தன. அவள் வாய் அசைந்தது, கண் கலங்கியது எல்லாம் இப்போது அப்படியே தெரிந்தது.

“ஊரைச் சொல்லும்யா. டிக்கெட் கிழிக்கணும்ல.”

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“சொன்னா” என்றார் மேஸ்திரி. “எம் மக சொன்னா.”